பேனை நனையாமல் ஒரு திருப்பம்

மண்முனைத் துறையில் பன்னிரண்டு வருஷம் பாதை தள்ளிய கோணாமலைக்கு, நேராகப் போகும் வரைக்கும் கார் ஓட்டுவது வெகு சுலபம். பாதை என்றால் தெரு அல்ல. இரண்டு தோணிகளைச் சேர்த்துப் பலகை அடித்து, மாடு, வண்டி, மனிதர் எல்லாரையும் ஏற்றிக் கம்பால் தள்ளி வாவியைக் கடத்தும் மிதவை. அந்தக் கம்பை மச்சான் வினாயகமூர்த்தியின் கையில் கொடுத்து, "இனி இதத் தொட்டனெண்டா என்ர பேர மாத்திக் கூப்பிடு" என்று துறையே கேட்கச் சொல்லிவிட்டு வந்தவன் அவன். காத்தான்குடி அசனார் முதலாளி புதிதாக வாங்கிய பஸ்ஸை அவனிடம் ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தார். லைசன் ஒன்றுதான் பாக்கி.

அந்த லைசனுக்குக் குறுக்கே நின்றது திருப்பம். வந்த வழியே வண்டியைத் திருப்புவதானால் முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். வலக்கையை வெளியே நீட்டிக் காட்ட வேண்டும். வருகிறவனுக்கு வழி விட்டுவிட்டுத்தான் திருப்ப வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். ஆனால் கை வெளியே போனால் வண்டியும் கையின் பின்னாலேயே போய்விடும். முதல் சோதனையில் வாய்க்கால். இரண்டாவதில் யாரோ ஒரு பாவப்பட்ட மனிதரின் மரவள்ளித் தோட்டம். இது மூன்றாவது, இதிலும் தவறினால் பஸ் வேறு ஆளுக்கு.

பரிசோதகர் அவனை வேறெங்கும் கூட்டிப் போகவில்லை, மண்முனைத் துறைக்கே கொண்டுவந்தார்.

"இடம் நல்ல விசாலமாக் கிடக்கு. இதில திருப்பும், பாப்பம்."

பழைய சனம் எல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. எதிரே பாதை வெறுமையாகக் கரையில் கிடந்தது. கோணாமலை நேராக விட்டான் காரை, அதன் மேலே.

"மச்சான், ஒண்டும் கேளாத. பாதையோட சேத்து என்னையும் சுத்தி விடு."

வினாயகமூர்த்தி அவசரப்படவில்லை. "பேர மாத்திக் கூப்பிடட்டா?"

"எப்பிடியும் கூப்பிடு. கெதியாத் தள்ளு!"

பாதை ஆடி ஆடிச் சுற்றியது. பரிசோதகர் ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையையும் விட்டுக் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். பிடித்திருந்த பேனை நழுவிப் பலகையில் விழுந்தது அவருக்குத் தெரியாது. கோணாமலை மட்டும் விதிப்படி வலக்கையை நீட்டியபடியே இருந்தான். மறுமுனை கரையில் தட்டியதும் கார் வந்த வழியே, ஆரையம்பதியைப் பார்த்து ஜம்மென்று இறங்கியது. சனம் கைதட்டியது.

"திருப்பினது நீரில்ல, உம்மட மச்சான்," என்றார் பரிசோதகர். "லைசன் குடுக்கிறதெண்டா அவருக்குத்தான் குடுக்க வேணும்."

எழுதுவதற்குச் சட்டைப்பையைத் தடவினார். முகம் செத்துப்போனது. கலியாணத்துக்கு மாமனார் கொடுத்த பேனை! பாதையோ அதற்குள் நாலு மாட்டை ஏற்றிக்கொண்டு வாவியின் நடுவுக்குப் போயிருந்தது. அங்கிருந்து வினாயகமூர்த்தி பேனையைத் தூக்கிக் காட்டினான்.

"அதால என்ன ஐயா எழுதப் போறீங்க?" என்று கேட்டான் கோணாமலை.

"நீர் தவறிட்டீர் எண்டுதான்."

கோணாமலைக்கு அழுகையே வந்தது. ஆனாலும் பன்னிரண்டு வருஷத்தில், பாதையில் விட்ட ஒற்றைச் செருப்பைக்கூட அவன் உரியவரிடம் சேர்க்காமல் இருந்ததில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தான்.

நீந்திப் போய்ப் பேனையை வாங்கினான். திரும்புவதற்கு முன் முதலை கிடக்கிறதா என்று முன்னும் பின்னும் பார்த்தான். பேனை நனையாமல் வலக்கையை உயரத் தூக்கினான். குறுக்கே வந்த மீன் தோணிக்கு வழி விட்டான். பிறகு அழகாக வளைந்து கரைக்கு வந்து சேர்ந்தான்.

பரிசோதகர் பிளந்த வாயை மூட மறந்து நின்றார்.

"திரும்பேக்க என்னத்த நினைச்சீர்?"

"என்னத்த நினைக்கிற ஐயா? பேனை நனையப்படாது எண்டுதான்."

அவர் பேனையை வாங்கினார், எழுதவில்லை. அவன் வலக்கையிலேயே திரும்ப வைத்து அழுத்தினார். "வண்டியில ஏறும். இது கீழ விழாமத் திருப்பும்."

சொட்டச் சொட்ட ஏறினான் கோணாமலை. தெருவில் முதலையைத் தேடி முன்னும் பின்னும் பார்த்தான். பேனையோடு கையை நீட்டினான். வண்டி கையின் பின்னால் போகவில்லை, சமர்த்தாக நின்றது. வைக்கோல் வண்டி ஒன்று போகட்டும் என்று காத்திருந்தான். பிறகு கையை மெல்ல உள்ளே எடுத்துத் திருப்பினான். வாய்க்காலும் இல்லை, மரவள்ளியும் இல்லை. ஒரே வளைவு!

பரிசோதகர் அங்கேயே கையெழுத்துப் போட்டு, பேனையை மூடிச் சட்டைப்பையில் பத்திரமாகச் செருகிக்கொண்டார். "சரி, விடும் ஊருக்கு."

கோணாமலை முன்கண்ணாடி வழியாகப் பார்த்தான். கார் இப்போது மறுபடியும் வாவியைப் பார்த்தபடி நின்றது.

அவன் வலக்கையை அவர் பக்கம் நீட்டினான்.

"ஐயா, அந்தப் பேனைய இன்னொருக்காத் தாங்க."