தூளி என்றொரு வாசனை

முந்நூறு பேர் செருப்பைக் கழற்றுகிறார்கள், ஐந்து நட்சத்திர ஹோட்டலில், கணுக்கால் புதையும் கம்பளத்தின் மேல், யாரும் சொல்லாமல், ஒருவரையொருவர் பார்க்காமல், வைரத்தோடு மின்ன ஒரு மில் முதலாளியின் மனைவி குனிகிறாள், கோட்டு போட்டவர்கள் லேஸை அவிழ்க்கிறார்கள், அத்தனை பேரையும் குனிய வைத்தது நான்தான், இதோ இந்தக் கையால், ஏசி வாயில் ஒரே ஒரு குப்பியைக் கவிழ்த்து, இந்தக் காரியத்தைச் செய்த இரண்டாவது ஆள் உலகத்தில் இருந்தால் என் முன்னால் வரட்டும் என்று நான் மார்தட்டும்போதெல்லாம், அடியே புளுகி, அந்த ஹால்ல நாற்காலியே எண்பதுதான், நீ வேற, ஏசி குளிருக்கு எவளாவது ஒருத்தி காலை மடக்கி உக்காந்திருப்பா என்பாள் தில்லை, தில்லைநாயகி, சோமுவின் அக்கா, அவளும் முன்வரிசையில் இருந்தவள்தான், இருந்தும் இந்த இருபத்தைந்து வருஷமாக ஒரு தடவை கூட ஒத்துக்கொண்டதில்லை, சரி எண்பது பேர், நூற்றறுபது செருப்பு, போதுமா என்பேன், அவள் கீரை ஆய்வதை நிறுத்தமாட்டாள்.

சோமுவை உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவன் தைத்த ரவிக்கை இல்லாமல் ஒரு காலத்தில் மெட்ராஸில் கல்யாணமே நடக்கவில்லை, முகூர்த்தத்தைத் தள்ளி வைத்தார்கள் என்று கூடச் சொல்லுவேன், நுங்கம்பாக்கத்தில் அவன் கடையை நான்தான் நிர்வாகம் செய்தேன், துணியில் எல்லாம் செய்து பார்த்தாயிற்று மேடம், இனிமேல் ஒரு செண்ட் போடணும் என்று அவன் வந்து நின்றது ஒரு ஆடி மாதம், என்ன செண்ட்டுடா என்றேன், அம்மா வாசனை என்றான், சிரித்திருப்பேன், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு சிரிக்கவில்லை. மூன்று வயதில் அம்மாவைப் பறிகொடுத்தவன், முகம் ஞாபகமில்லை, குரல் ஞாபகமில்லை, வாசனை மட்டும் மூக்குக்குள் இருக்கிறது என்கிறான், அக்கா அதையும் நம்பமாட்டா மேடம், மூணு வயசுப் பயலுக்கு என்னடா ஞாபகம், எவளோ ஒரு அத்தையை மோந்திருப்பேங்கறா, ஒரே ஒரு தடவை அதை மோந்து பாத்துட்டு, ஆமாடா இது அம்மாதான்னு அவ சொல்லிட்டா போதும், வித்தா என்ன விக்காட்டி என்ன. தூளி என்று பெயர் வைத்தான்.

பம்பாயிலிருந்து ஃபிரோஸ் வந்தார், வாசனை கூட்டுகிற பார்சிக்காரர், சின்னச் சின்னக் காகித நறுக்குகளில் ஒவ்வொன்றாகத் தொட்டு நீட்டுகிறார், சோமு கண்ணை மூடிக்கொண்டு மூன்று வயதாகிவிடுகிறான், ரோஜா, ஆனா கசங்கினது, சந்தனம், ஈரமா, ஊதுபத்தி, கொஞ்சம் இல்ல சார், நெறைய, அப்புறம் நனைஞ்ச மரத்தூள், மதுரையில் அவர்களுக்கு மரக்கடை, அதனால்தான் மரத்தூள் என்று நான் இங்கிலீஷில் விளக்கம் கொடுத்தேன், என் புத்தி அப்படி, இன்னொண்ணு சார், குளிர்ச்சி, குளிர்ச்சிக்கு ஏது வாசனை என்கிறார் ஃபிரோஸ், தெரியல, அம்மா கன்னம் ஜில்லுனு இருக்கும், அந்த ஜில்லு வேணும். ஒவ்வொரு நறுக்கையும் நானும் மோந்தேன், தனித்தனியாக எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பம்பாய்க்காரருக்குத் தெரிய நியாயமில்லை, சேர்த்து மூடி முத்திரை வைத்து ஃபிரோஸ் அனுப்பியதை சோமு யாரையும் திறக்க விடவில்லை, அக்கா மோந்து பாக்கறதுக்கு முன்னாடி எவன் மூக்கும் கிட்ட வரக்கூடாது என்று குப்பிகளைத் தன் அறையில் வைத்துப் பூட்டினான்.

ஆகவே அந்தச் சாயங்காலம், தூளியை வெளியிட நாங்கள் ஹோட்டலில் வைத்த ஃபேஷன் ஷோவில், ஏசி வாயில் நான் குப்பியைக் கவிழ்க்கிறேன், முதலில் ரோஜா வருகிறது, அப்பாடா என்கிறார்கள், அப்புறம் ஊதுபத்தி, அப்புறம் அந்த ஈரமும் குளிரும், முன்வரிசையில் ஒரு சிரிப்பு பாதியில் நிற்கிறது, பெண்கள் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றி மூடிக்கொள்கிறார்கள், ஆண்கள் கையைக் கட்டிக்கொள்கிறார்கள், பாட்டுப் போடுகிறவன் தானாகவே பாட்டை நிறுத்துகிறான், மேடைக்கு வந்த பெண்கள் தலை குனிந்து நடக்கிறார்கள், சிவப்பு உடுத்தியிருந்த பெண் பாதி வழியில் திரும்பி உள்ளே ஓடுகிறாள், அப்போதுதான் செருப்புகள், ஒவ்வொரு ஜோடியாக, இப்போது நினைத்தால் அந்த ஹாலுக்கு வாசலில் பந்தல் போட்டிருந்தது போலவும், மடக்கு நாற்காலிகள் தெருவரைக்கும் கிடந்தது போலவும் இருக்கிறது, எங்கே ஹோட்டல் முடிந்தது எங்கே தெரு ஆரம்பித்தது என்று எனக்கே தெரியவில்லை, ரிட்டயர்டு ஜட்ஜ் ஒருவர் என் காதருகே குனிந்து, எப்பம்மா எடுக்கறாங்க என்கிறார். நானும் எத்தனை வீட்டுக்குப் போனவள், வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது, மகன் வந்துடட்டும்னு வச்சிருக்காங்க சார்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. மகன் திரைக்குப் பின்னால்தான் நிற்கிறான், பட்டு ஜிப்பாவில், சிரித்த முகமாக, எல்லாரும் உருகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவனுக்கு மட்டும் எப்படித் தெரியும், சாவு வீடு என்றால் தெருமுனையிலேயே அவனுக்குக் குமட்டும், மாலையை என் கையில் கொடுத்தனுப்பிவிட்டு காரிலேயே உட்கார்ந்திருப்பான், அவன் அப்பா போனபோது லண்டனில் படித்துக்கொண்டிருந்தான், வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தில்லை எழுந்தாள், வெறுங்காலோடு மேடைமேல் ஏறி அவனிடம் போனாள், அக்கா, அம்மாதானே, சொல்லுக்கா என்று அவன் அவள் கையைப் பிடிக்கிறான், அவள் சொல்கிறாள், இது அம்மா வாசம் இல்லடா, அம்மாவைக் கிடத்தியிருந்த வாசம். அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுத்து வைக்க இடம் தெரியாத பாத்திரம் மாதிரி, பின்னால் எண்பது பேரோ முந்நூறு பேரோ எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள், ஒருத்தர் கூட போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை, அங்கே அப்படிச் சொல்லக்கூடாதே, மறுநாள் போன் செய்தவர்கள் எல்லாரும் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தோம் என்றார்கள்.

தூளி ஒரு நாள் கூடக் கடையில் நிற்கவில்லை, அத்தனை குப்பியையும் அடையாற்றில் கொட்டினோம், முகத்துவாரம் வரைக்கும் மீன்கள் ஒப்பாரி வைத்தன என்று சொல்லுவேன், அது மட்டும் கொஞ்சம் கூடுதல். ஏன் நிறுத்தினீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்கு, அலர்ஜி என்று நான்தான் சொன்னேன். ஆனால் சோமு விடவில்லை, அப்ப நான் அங்க இருந்திருக்கேன்தானே அக்கா, அம்மாவை நான் மோந்திருக்கேன்தானே, கடைசியாவாவது, என்று பொங்கலுக்குப் பொங்கல் கேட்பான், இல்லவே இல்ல, நீ எதிர்வீட்டு ராஜாமணி அக்கா வீட்ல தூங்கிட்டிருந்தே, எடுத்துட்டுப் போனப்பறம்தான் உன்னைத் தூக்கிட்டு வந்தாங்க, எவன் வீட்டு எழவையோ மோந்துட்டு வந்து அம்மாங்கறான் என்று தில்லை அடித்துச் சொல்லுவாள், அடித்துச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை, நான் முந்நூறு என்கிறேன், தில்லை எண்பது என்கிறாள், சோமு ஜன்னலோரம் உட்கார்ந்து மாதுளை உரிக்கிறான், தலையெல்லாம் வெளுத்துவிட்டது, இவனா மூன்று வயதுப் பையன் என்று இருக்கிறது, ஆனால் அவன்தான், அவன் சிரித்துக்கொண்டே, விடுங்க மேடம், அக்கா சொல்றதுதான் சரி, எனக்கு அம்மான்னு ஒண்ணுமே ஞாபகம் இல்ல, யாரோ முகம் தெரியாதவங்க எழவைத் தூக்கிட்டு வயசு பூரா திரிஞ்சிருக்கேன், லூசுப்பய, இனிமே கேக்கமாட்டேன்க்கா என்றான்.

தில்லையின் கை கீரையில் நின்றுவிட்டது. அவனைப் பார்க்கவில்லை, முறத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள், நம்ம வீட்டு எழவுதான்டா, நீ வந்தே. அப்பா நிலம்பூருக்கு மரம் எடுக்கப் போயிருந்தாரு, அவருக்காகத்தான் ஐஸ் வச்சிருந்தாங்க, அப்பல்லாம் ஐஸ் மரத்தூள்ல புதைச்சுத்தான் வரும், எதிர்வீட்ல உன்னைத் தூங்க வச்சுட்டு நான் ஓடியாந்துட்டேன், பெரியவங்க எல்லாம் வாசல்ல பந்தக்காரனோட பேசிட்டிருக்காங்க, நான் உள்ள போய்ப் பாக்கறேன், எப்ப முழிச்சு வந்தியோ, நீ அம்மா பக்கத்துல ஏறிப் படுத்திருக்கே, கழுத்தைக் கட்டிக்கிட்டு, கன்னத்துல கன்னத்தை வச்சு, நல்லாத் தூங்கறே, தலையெல்லாம் தூளு. பொணத்தோட படுத்த புள்ள தங்காதும்பாங்கடா, எனக்குப் பதினொரு வயசு, பயந்துட்டேன், உன் தலையை அலசி, எதிர்வீட்ல கொண்டு போய்ப் போட்டுட்டு, யார் கேட்டாலும் இல்லன்னேன், சொன்னா உனக்கு ஏதாவது ஆயிரும்னு இன்னிக்கு வரைக்கும் இல்லன்னேன்.

மாதுளை முத்துக்கள் சோமுவின் விரலிடுக்கில் நசுங்கிச் சாறு மணிக்கட்டு வரை ஓடுகிறது, அவன் துடைக்கவில்லை, கூட்டிச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை, நீ உடனே தூக்கினியாக்கா என்று அவன் கேட்கிறான், குரல் சின்னதாக இருக்கிறது, இல்லடா, உடனே தூக்கல, என்னை அம்மாகிட்டயே விடல பெரியவங்க, நீயாவது இருன்னு கதவைச் சாத்திட்டு வெளிய நின்னேன், யாரும் உள்ள வந்துடாம. அப்ப அது அம்மாதானா என்றான் சோமு. அம்மாதான்டா என்றாள் தில்லை, அந்த ஹால்ல செருப்பைக் கழட்டினதும் நடந்ததுதான்.