மூன்றாவது சுற்றில் விலக வேண்டியவன்

1

இந்தக் கதை நான் யோசித்து எழுதியதல்ல. முத்திரை வாங்க வந்தவரிடமிருந்து பிடுங்கியது.

இலங்கையில், ஹட்டன் தபால் கந்தோரில் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் கதை எழுதுகிற ஆள் நான். டயகமப் பக்கம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற அழகையா போன மாதம் வந்தார். என் கதை ஒன்றை வாசித்ததாகச் சொன்னார். பாராட்டப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நல்லாத்தான் இருக்குங்க. ஆனா எங்களப் பத்தி எழுதறவங்க எல்லாரும் ஏன் அழுதுகிட்டே எழுதறீங்க? உங்க கதையில வர்ற அத்தன பேருக்கும் காய்ச்சல். நாங்க சிரிச்ச நாளும் இருக்குங்களே."

"அப்படி ஒரு நாளைச் சொல்லுங்க பார்ப்போம்" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

சொன்னார். அவர் போன பிறகு பஜாருக்குப் போய், அவருடைய பள்ளிக்கூடக் கூட்டாளி சண்முகராஜாவிடமும் கேட்டேன். சண்முகராஜா இப்போது அப்பாவின் புடவைக்கடையைப் பார்த்துக்கொள்கிறார். ஆகவே இந்தக் கதைக்கு இரண்டு சொந்தக்காரர்கள். ஒரே ஒரு இடத்தில்தான் இருவரும் ஒத்துப்போகவில்லை. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

2

மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

'பனி மூடிய மலைகளுக்கு நடுவே, கொழுந்துக்கூடை சுமந்த காளியாயியின் ஒரே மகன்—'

அடித்துவிட்டேன். பனி வந்துவிட்டது, அடுத்த வரியில் காய்ச்சல் வந்துவிடும்.

'அழகையா மானைப்போல ஓடினான்—'

இதைச் சண்முகராஜாவிடம் வாசித்துக் காட்டினேன். "மானா? அவன் தபால்காரர் மாதிரி ஓடுவாங்க. அவசரமே இருக்காது. ஆனா எங்கயும் நிக்கமாட்டான்" என்றார். (கேட்கிறவன் தபால் கந்தோர்க்காரன் என்பதற்காகச் சொன்னாரோ என்னவோ.)

மூன்றாவதைத்தான் வைத்துக்கொண்டேன்:

1959ஆம் ஆண்டு ஹட்டனில் ஒரு கல்லூரியில் இரண்டு பையன்கள் ஒரு மைல் ஓட்டத்தில் யாரும் நம்பாத வேகத்தில் ஓடினார்கள். ஒருவன் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்த அழகையா. இன்னொருவன் புடவைக்கடை சிவசாமியின் மகன் சண்முகராஜா.*

*மைதானத்தில் 'அவன்', கந்தோரில் 'அவர்'. இந்த மரியாதைக் குழப்பத்தை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

3

யாரும் நம்பாத என்றேன். முதலில் நம்பாதவர் அவர்களுடைய விளையாட்டு ஆசிரியர் கணேசமூர்த்தி மாஸ்டர்தான்.

"இந்தக் குளிர்ல, இந்தச் சரிஞ்ச மைதானத்துல, இந்த நேரத்துக்கு ஓட முடியாதுடா. கடிகாரத்துலதான் கோளாறு" என்றார். ரயில் நிலைய அதிபரிடம் போய் அவருடைய கடிகாரத்தை இரவல் வாங்கி வந்தார். அதுவும் அதையே சொன்னது. அப்படியானால் மைதானம்தான் குறைச்சல் என்று சங்கிலி வைத்து அளந்தார். மைதானம் சில அடி கூடுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு மாஸ்டர் சந்தேகப்படுவதை நிறுத்திவிட்டுக் கனவு காணத் தொடங்கினார்.

இரண்டு பேரும் ஓடும் விதம் வேறு வேறு. மைலுக்கு நாலு சுற்று. சண்முகராஜா விசில் ஊதியதும் பாய்வான், மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கி நொண்டுவான். அழகையாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் ஓடினால் மட்டும் கடைசிவரை வருவான். கடைசியில் அழகையா ஒரு கை நீளம் முன்னால் முடிப்பான். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

அந்த வருடம் ஓர் அறிவிப்பு வந்தது. கண்டியில் தேர்வுப் பந்தயம். ஒரு மைலை நாலு நிமிடம் முப்பத்தைந்து வினாடிக்குள் ஓடுகிறவர்கள், சென்னையில் நடக்கும் மாணவர் போட்டிக்கு இலங்கை அணியில் போகலாம். அழகையா பயிற்சியிலேயே அதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தான். அவன் அம்மா காளியாயி காத்திருக்கவில்லை. இந்தியாவில் துறையூர்ப் பக்கம் கிராமத்திலிருக்கும் தன் அக்கா அம்மாக்கண்ணுவுக்கு ஆளைப் பிடித்துக் கடிதாசி எழுதிப் போட்டுவிட்டாள். மகன் ஓடுவதற்காக மெட்ராஸ் வருகிறான், உன்னையும் வந்து பார்ப்பான் என்று. அம்மாக்கண்ணு அதுவரை அழகையாவைப் பார்த்ததில்லை.

4

இங்கே கதை கொஞ்சம் சட்டம் பேச வேண்டியிருக்கிறது. சுருக்கமாகவே பேசுகிறேன்.

இலங்கை அணியில் போக இலங்கைப் பிரஜாவுரிமை வேண்டும். சிவசாமி குடும்பத்துக்கு அது கிடைத்திருந்தது; கொழும்பில் அவர்களுக்கு நல்ல வக்கீல் இருந்தார். அழகையாவின் அப்பா ஆண்டியப்பனும் கேட்டுப் பார்த்தார். அவர் ஒரு காலத்தில் இந்தியாவிலிருக்கும் ஊருக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் தங்கிவிட்டு வந்தவர். அதனால் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு இல்லாதது மகனுக்கும் இல்லை. மகன் பிறந்தது டயகமவில் என்றாலும்.

அதாவது, இந்தியாக்காரன் என்று சொல்லி அழகையாவை இந்தியாவுக்குப் போகவிடவில்லை.

(இந்த வரியை எழுதிவிட்டு நானே சிரித்தேன். பிறகு கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.)

மாஸ்டர் இதை அறிந்ததும் இரண்டு நாள் அழகையாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"தம்பி, ஒன்னு கேட்டா கோவிச்சுக்குவியா?"

"இல்லைங்க சார்."

"நீ என்ன ஓடினாலும் உன்ன அனுப்பமாட்டாங்க. ராஜாவ அனுப்புவாங்க. ஆனா அவனுக்குத் தனியா ஓடத் தெரியாது. கண்டியில நீ முன்னால ஓடிக் குடுக்கணும். மூணாவது சுத்து முடிஞ்சதும் வெளிய போயிடு. கடைசிச் சுத்த அவன் பாத்துக்குவான். நீ முன்னால இருந்தா அவன் உன்னையே பாத்துகிட்டு ரெண்டாவதா வந்து நிப்பான். அவன் முதலா வரட்டும்."



"சரிங்க சார்" என்றான்.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு கெட்டவன் தேவைப்பட்டான்.

சிவசாமியை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பணக்காரர், கடைக்காரர், மகனுக்காக மாஸ்டரைத் தூண்டிவிட்டவர். இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன். தங்கப்பல்கூட வைத்தேன். அழகையாவிடம் காட்டினேன்.

"யாருங்க இது?"

"சிவசாமி."

"அவருக்குப் பல்லே கம்மிங்க. அவரு நல்ல மனுசன். மகன் ஓடறது அவருக்குப் பிடிக்காது. அரை டிராயரோட எல்லாரும் பாக்க ஓடுறானேன்னு வெக்கப்படுவாரு."

இரண்டு பக்கமும் போயிற்று. இந்தக் கதையில் கெட்டவன் கிடையாது. அது கதைக்கு நல்லதா என்று தெரியவில்லை.

6

கண்டி. பந்தய நாள்.

வெறுங்காலோடு கோட்டில் நின்றபோது அழகையா சண்முகராஜாவிடம் சொன்னான்: "இங்க காத்து கெட்டியா இருக்குடா. கடிச்சுத் திங்கலாம்போல." மலையில் மெல்லிய காற்றில் ஓடிப் பழகியவர்களுக்குக் கண்டி சுகமாக இருந்தது.

வெடி வெடித்தது. முதல் சுற்றில் அழகையா முன்னால் போனான். சண்முகராஜா அவன் முதுகைப் பிடித்துக்கொண்டான். மற்றவர்கள் பாய்ந்துவந்து ஒட்டிப் பார்த்தார்கள், இரண்டாவது சுற்றில் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். மூன்றாவது சுற்றில் முன்னால் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

மூன்றாவது சுற்று முடியும் இடத்தில் கணேசமூர்த்தி மாஸ்டர் கைக்குட்டையோடு நின்றார். அழகையா வந்தான். அரை அடி வெளிப்பக்கமாக விலகினான். பிறகு உள்ளே வந்து, மாஸ்டரைத் தாண்டிப் போய்விட்டான்.

"வெளிய வா! அழகையா, வெளிய வா!" என்று மாஸ்டர் கத்தினார்.

மைதானத்தைச் சுற்றி நின்றவர்களில் அதிகம் பேருக்குத் தமிழ் தெரியாது. ஓடுகிறவனை உற்சாகப்படுத்த மலைநாட்டார் இப்படித்தான் கூவுவார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். முதலில் ஒரு மூலை பிடித்தது. பிறகு மைதானமே பிடித்துக்கொண்டது. "வெளியவா! வெளியவா! வெளியவா!" அந்தக் கூச்சலோடு இருவரும் கடைசி வளைவில் வந்தார்கள். அழகையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஓடினான். பின்னால் வந்தவனும் சிரித்தான். சிரிப்பும் மூச்சும் போட்டிபோட, அடுத்தடுத்துக் கோட்டைத் தாண்டினார்கள்.

முதலாவது அழகையா. ஒரு கை நீளம். இரண்டு பேரும் குறித்த நேரத்துக்குள்ளேயே முடித்திருந்தார்கள்.

சிவசாமி கடையை மூடிவிட்டு வந்திருந்தார். மகனுக்கென்று ஒரே ஒரு மாலை கொண்டுவந்திருந்தார். புல்லில் மல்லாந்து கிடந்த இருவரையும் பார்த்தார். மகனுக்குப் போட்டால் முதலாவது வந்தவனுக்கு என்ன செய்வது, அவனுக்குப் போட்டால் மகன் என்ன நினைப்பான் என்று புரியாமல், பக்கத்தில் நின்ற மாஸ்டர் கழுத்தில் போட்டுவிட்டார். கணேசமூர்த்தி மாஸ்டர் சாமந்தி மாலையோடு நின்றபடி இருவரையும் திட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒலிபெருக்கியில் அணிக்குத் தெரிவானவர் பெயரைச் சொன்னார்கள். சண்முகராஜா. முதலாவது வந்தவன் எங்கே என்று கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அழகையா எழுந்து புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு, கூட்டாளியின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

7

அந்த ஒரே இடம் வந்துவிட்டது. அழகையா ஏன் விலகவில்லை?

சண்முகராஜா சொல்கிறார்: "நான்தாங்க சொன்னேன். அவன் வெளிப்பக்கம் சாயறப்ப, 'போயிடாதடா, ஓடு'ன்னு சொன்னேன்."

"எதுக்குச் சொன்னீங்க? நியாயம் என்றா, இல்லை, முதுகு இல்லாமல் ஓட முடியாதே என்றா?"

அவர் புடவை ஒன்றை விரித்து மடித்தார். மறுபடி விரித்தார். "அந்த நேரத்துல அதெல்லாம் பிரிச்சுப் பாக்க முடியுங்களா?"

அழகையாவிடம் கேட்டேன். "அவன் ஒன்னும் சொல்லலைங்க. இருமுனான். அவ்வளவுதான்."

"அப்ப நீங்க ஏன் போகவில்லை?"

"போகத்தான் பாத்தேன். காலு வரலை."

எதை எழுதுவது? இருமலை எழுதினால் அழகையாவின் கதை. சொல்லை எழுதினால் நட்பின் கதை. நான் இரண்டையும் எழுதி—

இல்லை. அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

8

அடுத்து நான் எழுதிய காட்சியில் சண்முகராஜா, 'நண்பன் இல்லாத இடத்துக்கு நானும் போகமாட்டேன்' என்று சொல்லிவிடுகிறான். எனக்கே கண் கலங்கியது. சண்முகராஜா வாசித்துவிட்டுக் கூச்சப்பட்டார்.

"ரெண்டு நாள் அப்படித்தான் சொல்லிகிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் மெட்ராஸ் பாக்க ஆசையாவும் இருந்துச்சுங்க. அழகையாதான், 'நீயும் போகலைன்னா நான் ஓடுனது எதுக்குடா'ன்னு கேட்டான்."

போனான். புறப்படும் முன்பு காளியாயி ஒரு தேயிலைத்தூள் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"முதலா வந்தவன் வீட்டுல இருக்கான், ரெண்டாவது வந்தவன் கப்பல் ஏறுறானாக்கும்" என்றாள். பிறகு, "கோவிச்சுக்காத தம்பி, நல்லா ஓடிட்டு வா. இத எங்க அக்காகிட்ட குடுத்து, எம் மகனுக்கு வர முடியலைன்னு சொல்லிடு" என்றாள்.

சென்னையில் சண்முகராஜா ஆறாவதாக வந்தான். "முன்னால அஞ்சு முதுகு இருந்துச்சு. ஒன்னுகூட எனக்குத் தெரிஞ்ச முதுகு இல்ல" என்று பிற்பாடு அழகையாவிடம் சொன்னானாம்.

திரும்பும் வழியில் திருச்சியில் இறங்கி, பஸ் பிடித்து, அந்தக் கிராமத்துக்குப் போனான். வீட்டைக் கேட்டு வாசலில் நின்று பொட்டலத்தை நீட்டி, "டயகமவுலேருந்து வர்றேங்க" என்றான்.

மற்றதைச் சொல்ல அம்மாக்கண்ணு விடவில்லை. "என் தங்கச்சி மகனா!" என்று அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தெருவே கூடிவிட்டது. பதினெட்டு வருடமாகத் தங்கச்சியைப் பார்க்காதவள் அவன் முகத்தில் தங்கச்சியைத் தேடினாள். மூக்கு அப்படியே அவள் மூக்கு என்றாள். கண்டுபிடித்தும்விட்டாள்.

"ஓட்டத்துல எத்தனாவது வந்த, சாமி?"

சண்முகராஜா கண்டியை நினைத்துக்கொண்டான்.

"மொதலாவது, பெரியம்மா."

அன்றைக்கு அவனுக்குக் கோழி அடித்தார்கள். தெருப் பையன்கள் வற்புறுத்தவே வாய்க்கால் வரைக்கும் ஓடிக்காட்டினான். பெரியப்பா ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தார். அவன் அதை ஹட்டனுக்குக் கொண்டுவந்து அழகையாவிடம் கொடுத்து, நடந்ததை எல்லாம் சொன்னான்.

"ஏன்டா உண்மையச் சொல்லல?"

"சொல்லியிருந்தா அந்த அம்மா கைய எடுத்திருப்பாங்கடா."

அழகையா வேட்டியை விரித்துப் பார்த்தான். பிறகு, "கோழி நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான்.

காளியாயிக்கு மட்டும் இரண்டு பேரும் இதைச் சொல்லவில்லை. தூளைக் கொடுத்தாயிற்று, அக்கா சுகமாக இருக்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அக்காவின் கடிதாசிகளை அவளுக்கு வாசித்துக் காட்டுகிறவனும் அழகையாதான்.

9

இங்கே முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோழியோடு முடிகிற கதைகள் நம்மிடம் அதிகம் இல்லை.

ஆனால் போன கிழமை அழகையா மறுபடியும் கந்தோருக்கு வந்தார். ஆண்டியப்பன் இறந்துபோனதிலிருந்து அம்மா ஊருக்கே போய்விடலாம் என்கிறாராம். கண்டியில் இந்தியக் கடவுச்சீட்டுக்கு எழுதிக் கொடுத்து, அதுவும் கிடைத்துவிட்டதாம். அம்மாவைத் தனியே அனுப்ப இவருக்கு மனமில்லை. அடுத்த மாதம் இருவரும் பெரியம்மா வீட்டுக்குத்தான் போகிறார்கள்.

"அங்கே உங்களை ஏற்கெனவே தெரியுமே" என்றேன்.

"அதாங்க யோசனையா இருக்கு" என்று சிரித்தார்.

நான் வீட்டுக்கு வந்து முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அம்மாக்கண்ணு இவரைப் பார்த்ததும் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு அழுகிறார். (அழுகை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறார்கள்.) இன்னொன்றில் அழகையா தன்னைச் சண்முகராஜா என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார்; 'அழகையா வேலையாக நின்றுவிட்டான், பிறகு வருவான்' என்கிறார். இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எத்தனை நாளைக்கு? மூன்றாவதில் உண்மையைச் சொல்கிறார், ஊர் நம்பமாட்டேன் என்கிறது, கடைசியில் வாய்க்கால் வரைக்கும் ஓடிக்காட்டச் சொல்—

மூன்றையும் கிழித்துவிட்டேன். அவர்கள் இன்னும் புறப்படவே இல்லை. நான் முந்திப்போய் அங்கே உட்கார்ந்துகொண்டு எழுதுவது முறையில்லை.

ஆகவே வாசல்வரைக்கும் உங்களைக் கொண்டுவந்து விடுகிறேன். பஸ் போய்விட்டது. தெருப் பையன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்திருக்கிறார்கள். அம்மாக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறார். தங்கச்சியைக் கட்டிப்பிடித்து முடித்துவிட்டு, பின்னால் நிற்கும் இளைஞனை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"இது யாரு?"

பதிலை நீங்கள் சொல்லுங்கள். பக்கத்தில் இதெல்லாம் ஒன்றும் தெரியாத காளியாயியும் நிற்கிறார் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.