வரவேற்பு மேசையின் நானூற்றுப் பன்னிரண்டு முயற்சிகள்

1

மனித குலத்தின் வரலாறு என்பது சுவர்களின் வரலாறு. கோட்டைச் சுவர், சிறைச் சுவர், எல்லைச் சுவர். அந்த வரிசையில் கடைசியாக எழும்பியது ஒரு பிளாஸ்டிக் பைப் கம்பெனியின் இரண்டாம் மாடியில், கழிப்பறையை ஒட்டிய அறையில் இருக்கும் ஒரு டப்பா. பெயர் ஃபயர்வால். ஊழியர்கள் வேலை நேரத்தில் சமூக வலைதளங்களுக்குள் நுழையாமல் தடுப்பது அதன் வேலை.

(முதல் வரி ஓவர்தான். அடிக்க மனம் வரவில்லை.)

அந்த டப்பாவைப் பார்த்துக்கொள்பவன் என் நண்பன். அவனுக்குப் புலம்ப ஒரு காது வேண்டியிருந்தது, எனக்கு ஒரு கதை. அப்படித்தான் இது கிடைத்தது.

2

முதல் தொடக்கம்: 'அன்று வானம் அவன் மனதைப் போலவே இருண்டு—'

வேண்டாம். அவன் அறையில் ஜன்னலே கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: மேனேஜர் கூப்பிட்டார்.

"தம்பி, எல்லாத்தையும் அடைச்சாச்சுல்ல?"

"அடைச்சாச்சு சார்."

"அடைச்சா மட்டும் போதாது. எவன் எவன் உள்ள போகப் பார்க்கிறான்னு வாராவாரம் லிஸ்ட் குடு. முதல்ல நிக்கிற ஆளுக்கு வெள்ளிக்கிழமை கடிதம்."

அந்தக் கம்பெனியில் கடிதம் என்றால் வேலை போயிற்று என்று அர்த்தம்.

முதல் லிஸ்டில் முதலிடம் குடோன்காரருக்கு. "எனக்கு அதுல அக்கவுண்டே இல்லப்பா" என்று எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை, என் நண்பன் உட்பட. வெள்ளிக்கிழமை அவருக்குக் கடிதம் வந்துவிட்டது.

[குடோன்காரரைக் கொஞ்சம் கள்ளனாகக் காட்டினால் கதைக்கு வசதி. எழுதியும் பார்த்தேன். சாப்பாட்டு டப்பாவைத் துணிப்பையில் சுருட்டிக்கொண்டு படியிறங்கிப் போன ஆள் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார்.]

3

அடுத்த லிஸ்டில் முதலிடம் வரவேற்பு மேசைக்கு. நானூற்றுப் பன்னிரண்டு முயற்சிகள். லிஸ்டை மேனேஜருக்கு அனுப்பிவிட்டுத்தான் நண்பன் கீழே இறங்கினான்.

"என்னக்கா, அப்படி என்னதான் பார்க்கிறீங்க?"

"நானா? வர்றவங்க பேரை ஏத்தவே கை ஒழியல. நீ வேற."

அக்காவை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். வருகிறவர்களின் பெயரைக் கம்பெனியின் இணையப் பக்கத்தில்தான் ஏற்ற வேண்டும். அதன் அடியில் 'எங்களை விரும்புங்கள்' என்று ஒரு கட்டைவிரல், லைக் பொத்தான். பக்கம் திறக்கும்போதெல்லாம் அந்தக் கட்டைவிரல் தானாகவே சமூக வலைதளத்துக்கு ஓடுகிறது. சுவர் அதைத் தடுத்து, மேசையில் உட்கார்ந்திருப்பவர் கணக்கில் எழுதுகிறது. ஒரு பெயருக்கு ஒரு குற்றம். குடோனில் சரக்குக் கணக்கை ஏற்றுவதும் இதே பக்கத்தில்தான்.

கட்டைவிரலை வைக்கச் சொன்னவர் மேனேஜர்.

"என்ன தம்பி, முகம் செத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்னா எழுந்திரு. ஆள் நிக்குது."

4

நாயகன் நிமிர வேண்டிய இடம் இது. ஒரு வார்த்தை சொன்னால் அக்காவுக்குக் கடிதம் வராது. ஆனால் அடுத்த கேள்வி, "அப்ப குடோன்காரர்?" என்றுதான் வரும். அந்த லிஸ்டில் முதல் வரிக்குச் சிவப்பு அடித்துக் கொடுத்தவன் இவன். சிவப்பை யாரும் கேட்கவில்லை.

(இவனை எனக்குப் பிடிக்கிறதா என்று கேட்காதீர்கள். கதை எழுதும்போது அதெல்லாம் பார்க்க முடியாது.)

5

முடிவு ஒன்று: மேனேஜர் அறைக்குள் புயலெனப் புகுந்து மேசையில் ஓங்கி— மேசை கண்ணாடி. விட்டுவிடலாம்.

முடிவு இரண்டு: கட்டைவிரலைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறான். அடுத்த வாரம் லிஸ்ட் சுத்தம். ஆனால் அக்காவுக்குக் கடிதம் இந்த வெள்ளிக்கிழமையே வந்துவிடுமே.

முடிவு மூன்று: குடோன்காரர் வீட்டைத் தேடிப் போய்... அழுதுவிடுவேன் போலிருக்கிறது. எழுத வராது.

ஆகவே வெள்ளிக்கிழமைக் காலையை உங்களுக்காகக் காலியாக விடுகிறேன். நல்ல மனசுள்ளவர் நீங்கள். அவனை எழுப்பி, குளிக்க வைத்து, மேனேஜர் அறை வாசல் வரை கொண்டுபோய் விடுங்கள். என்ன பேச வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

நான் அவனிடமே கேட்டேன். "கடைசில என்னடா பண்ணே?"

"கதைதானே, எப்படி வேணா முடிச்சுக்கோ" என்றான்.

அந்த வெள்ளிக்கிழமை வயிற்றுவலி என்று லீவு போட்டிருக்கிறான்.