பன்னிரண்டு மூட்டை

பட்டம்பாங் நகரத்துக்குப் போகும் ஒருவழி ரயில்பாதையில் பிசேத் நோரி ஓட்டினான். ஒரு மூங்கில் தட்டு, நான்கு இரும்புச் சக்கரம், ஒரு சின்ன இன்ஜின், அவ்வளவுதான் வண்டி. எதிரெதிரே இரண்டு நோரி சந்தித்தால் பாரம் குறைந்தவன் தன் வண்டியைப் பிரித்து ஓரம் வைத்து வழி விட வேண்டும்.

பிசேத் இரண்டு வருடமாக யாருக்கும் பிரித்ததில்லை. அவன் வண்டியில் எப்போதும் பன்னிரண்டு நெல் மூட்டை கிடக்கும். மேலே ஒரு சாண்தான் நெல். அடியில் எல்லாம் சரளைக்கல். அது அவனுக்கும் மனைவி மாலிஸுக்கும் மட்டும் தெரியும்.

அன்று காலை மாலிஸுக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். நகரத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னாள். கல்லை இறக்கிவிட்டுக் கிளம்பலாம் என்றாள் மாலிஸ். வெறும் வண்டியில் போனால் எதிரே வருகிறவனுக்கெல்லாம் இறங்க வேண்டும், இந்த வலியோடு எத்தனை தடவை ஏறி இறங்குவாய் என்று கேட்டான் அவன்.

"பிரசவம்னு சொன்னா வழி விட மாட்டாங்களா?"

"நான் விட்டிருக்க மாட்டேனே."

அவள் வண்டியில் ஏறி மூட்டையில் சாய்ந்துகொண்டாள். பேசி என்ன ஆகப்போகிறது?

வண்டி கனத்தில் ஊர்ந்தது. எதிரே வந்த இரண்டு பேர் மூட்டைகளைப் பார்த்து முகத்தைத் தூக்கிக்கொண்டு வழி விட்டார்கள். மூன்றாவதாக நாலு பயணிகளோடு வந்த நோரிக்காரன் தூனும் பிரித்து ஓரம் வைத்தான். பிசேத் மனைவியைப் பெருமையாகப் பார்த்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது முன்னால் ஊதல் கேட்டது. எப்போதாவது வரும் சரக்கு ரயில். அதோடு எந்த நோரியும் பாரத்தில் போட்டி போட முடியாது.

மாலிஸை இறக்கி உட்கார வைத்துவிட்டு பிசேத் மூட்டைகளை இழுத்தான். தூனும் பயணிகளும் ஓடிவந்து கைகொடுத்தார்கள். மூன்றாவது மூட்டையிலேயே தூன் புருவத்தைச் சுருக்கினான். ஏழாவது கிழிந்து கல் கொட்டியது. மிச்சத்தையும் இறக்கி, வண்டியையும் தூக்கி ஓரம் போட்டார்கள். ரயில் சாவகாசமாகக் கடந்து போனது.

தூன் தன் வண்டியை நகரத்துப் பக்கம் திருப்பி மாட்டி, மாலிஸை ஏற்றினான். பிசேத்தும் ஒரு காலைத் தூக்கி வைத்தான்.

"நீ எங்க வர்றே? உன் நெல்லுக்கு யாரு காவல்?" என்றான் தூன்.

தூன் மாலிஸோடு கிளம்பிவிட்டான். பிசேத்தின் வண்டியை மறுபடி தண்டவாளத்தில் மாட்ட இரண்டு ஆள் வேண்டும். தூனின் பயணிகள் நாலு பேரும் நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவன் ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸ் சொன்னதும் அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வெட்கத்தோடு கையை நீட்டினான்.

மாலிஸ் குழந்தையைக் கொடுக்கவில்லை.

"ரெண்டரை கிலோதான் இருக்கா," என்றாள். "உங்க எதிர்ல வந்தா, இவதானே இறங்கி வழி விடணும்?"