மல்லாந்து பார்த்த வானம்

...தலையைத் தூக்க முடியாதவனுக்குப் புறா எதற்கு, பக்கத்து மாடியில் புறா வளர்க்கும் பய்யூமி கேட்டது நியாயம்தான், நாளை வந்து மொத்தக் கூட்டத்தையும் பிடித்துக்கொண்டு போ என்று சொன்னவனும் ரிஃபாத்தேதான், இப்போது மொட்டைமாடியில் நின்று எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை முறைத்து என்ன ஆகப்போகிறது... கழுத்தெலும்புகளைச் சேர்த்துத் தகடு வைத்துத் திருகாணி முடுக்கிவிட்டார்கள், இனி அது கழுத்தில்லை, கம்பம். மேலே பார்க்க இடுப்பிலிருந்து வளைய வேண்டும், வளைந்தால் தோள்பட்டைகளுக்கு நடுவே யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்துகிறார்கள், வலக்கை விரல்களில் ஊசி குத்துகிறது. அறுவை முடிந்தால் வலி போய்விடும் என்றா சொன்னார் மருத்துவர்? இல்லையே, கை விழுந்துவிடாமல் காப்பாற்றலாம் என்றுதான் சொன்னார், இவன் காதுதான் தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டது. மினிபஸ் ஓட்டும் வேலை போயிற்று, பின்னால் திரும்பிப் பார்க்க முடியாதவனை நம்பி யார் வண்டி தருவார்கள், நாளை புறாவும் போய்விடும், அப்புறம் இந்த இம்பாபாப் பேட்டையில் இவனுக்கு என்ன வேலை, டீ குடிப்பதா?

“மஹாவோட அப்பா, மேல என்ன பண்றீங்க?” மாடிப்படியிலிருந்து மனைவி இன்ஷிராஹ். “ஏணியில கால வெச்சீங்க, நானே தள்ளி விட்டுடுவேன், ஒரேயடியா நிம்மதி.” ஏறவில்லை என்றான். “கூடு திறந்த சத்தம் கேட்டுதே?” கடைசித் தடவை என்றான். அவள் படியிறங்கிப் போனாள், திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

புறாக்கள் கிளம்பிவிட்டன, சிறகடிப்பு காதில் விழுகிறது, கண்ணுக்குக் கிடைப்பது தரையில் ஓடும் நிழல் மட்டும். முன்பெல்லாம் கூட்டின் மரக்கோபுர உச்சியில் நின்று புறாக்களைத் திருப்பக் கொடியை வீசுவான், கழுத்து பாட்டுக்குச் சுழலும், கழுத்து என்று ஒன்று இருப்பதே அப்போது தெரியாது... ஓரத்தில் இன்ஷிராஹ் தட்டிக் காயப்போட்ட கம்பளம் கிடந்தது. படுத்துப் பார்த்தால் என்ன? ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் சொன்னபடி முதலில் முழங்கால், பிறகு கை, பக்கவாட்டில் சாய்ந்து, கட்டை போல உருண்டு, அம்மாடி, எரிகிறது, எரியட்டும், மல்லாந்தான். வானம் மொத்தமும் முகத்தில் விழுந்தது. நின்று பார்த்த காலத்தில் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து ஒரு மூலையைத்தானே துரத்திக்கொண்டிருந்தோம், இவ்வளவு பெரிதா இது? அவனுடைய புறாக்கள் ஒன்றாகத் திரும்பின, அடிவயிறுகள் வெள்ளையாக மின்னின, அந்தப் பக்கத்திலிருந்து பய்யூமியின் கூட்டமும் ஏறி வந்தது.

“ரிஃபாத்! டேய்! செத்துட்டியா?”

பய்யூமிதான், கைப்பிடிச்சுவரில் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்க்கிறான் போல. பதில் சொல்லலாம், ஆனால் மேலே ஒன்று நடந்துகொண்டிருந்தது. கொடி காட்டுகிறவன் இல்லாமல் பய்யூமியின் கூட்டம் அலைபாய்ந்தது, பறவை மேலே இருக்கும்போது பிணத்தைப் பார்க்கக்கூடத் திரும்பக் கூடாது, மடையன் திரும்பிவிட்டான். இரண்டு கூட்டமும் கலந்தன. ரிஃபாத் படுத்தபடியே விசில் அடித்தான், நெஞ்சிலிருந்து வந்தது, விசிலுக்குக் கழுத்து தேவையில்லை என்பது இத்தனை மாதமாகத் தோன்றவே இல்லையே... அவனுடையவை இறங்கின, ஒன்று அவன் வயிற்றின் மேலேயே வந்து உட்கார்ந்தது, தானியத் தட்டின் பக்கம் வெள்ளைத் தலையுடன் ஒரு பழுப்புப் புறா, அந்நியம்.

“இன்ஷிராஹ்! வலை!”

ஓடி வந்தவள் ஒரே வீச்சில் அதை அமுக்கினாள், இவள் எப்போது இதைக் கற்றுக்கொண்டாள்?

“பய்யூமியோடதா?”

“அவன் செல்லம்.”

இவனுக்கும் பய்யூமிக்கும் பல வருஷமாகச் சண்டைக் கணக்கு, தன் மாடியில் இறங்கிய அடுத்தவன் புறா பிடித்தவனுக்கே சொந்தம், திருப்பித் தரும் பேச்சே கிடையாது.

“மஹாவோட அப்பா, அது என்னோடது!” சுவரிலிருந்து பய்யூமி. “வல்லாஹி, சத்தியமா சொல்றேன், செத்தவன் மாதிரி நடிச்சு ஏமாத்திட்டியே!”

“நீ ஏண்டா என்னைப் பாத்த? மேல பாக்க வேண்டியதுதானே!” ரிஃபாத் கத்தினான், சிரிப்பு திருகாணிகளில் போய் இடித்தது, வலித்தது.

“நாளைக்கு எல்லாமே அவனுக்குத்தானே போகுது, இதைப் பிடிச்சு என்ன?” என்றாள் இன்ஷிராஹ், வலையை இறுக்கிப் பிடித்தபடி. “எழுப்பி விடவா?”

கொஞ்ச நேரம் போகட்டும் என்றான். முதுகு தரையில் காந்தியது, வலி எங்கும் போகவில்லை, போகவும் போகாது, எழுந்திருக்கும்போது இன்னும் பிடுங்கும். கம்பளம் போதாது, மஹாவின் பழைய மெத்தையை மேலே கொண்டுவர வேண்டும், நாளை தலையை மேற்கே வைத்துப் படுத்தால் சாயங்கால வெயில் கண்ணில் விழாது என்று யோசித்துக்கொண்டிருந்தான், நாளை என்று பய்யூமியிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறோம் என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.