ராரோடோங்காவில் எந்த வெள்ளி

ரதிதேவியின் தம்பி குணரத்தினம் டொரன்டோவில் இருந்தான். இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்துப் பதினொரு வருடமாகியிருந்தது. அவனுக்குக் கிடைத்தது ஒரு கிழமை லீவு, ஏழே நாள். ரதிதேவி இருந்த நியூசிலாந்தின் ஓக்லாந்து வரை வந்து திரும்ப அது காணாது. அதனால் 1996 ஆனியில், நடுவழியில் பசிபிக் கடலின் ராரோடோங்காத் தீவில் சந்திப்பதென்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இறங்குவதாக அவன் போனில் சொன்னான்.

ஓக்லாந்தின் பாபகூராவில் பயண முகவரிடம் வேலை செய்த சறோஜா, டிக்கெட்டோடு ஒரு தாளும் கொடுத்தாள். நுளம்புத் தைலம் கொண்டுபோகவும். நியூசிலாந்துக் காசு அங்கே செல்லும். பவளப்பாறையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். ஞாயிறு கடைகள் பூட்டு. அறை பதியாமல் போகக்கூடாது. அதெல்லாம் ரதிதேவிக்கு விளங்கியது. விளங்காதது டிக்கெட்தான். சனி பின்னேரம் மூன்று மணிக்குப் புறப்பாடு. வெள்ளி இரவு ஒன்பது மணிக்குப் போய்ச்சேர்வது. அந்த நேரத்தைத்தான் தம்பிக்கும் போனில் சொல்லியிருந்தாள்.

கணவர் சோதிலிங்கம் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் பார்த்தார்.

"சனி எண்டு அடிக்கிறதுக்கு வெள்ளி எண்டு அடிச்சுப்போட்டினம்."

அப்படியானால் தம்பி ஒன்றரை நாள் தனியே காத்திருப்பான். மறுநாள் ரதிதேவி, விரிப் பகுதியில் தான் வேலை செய்யும் பண்டகசாலையிலிருந்து சாப்பாட்டு நேரத்துக்குப் போனெடுத்து, சறோஜா இல்லாததால் அங்கே வேறொருவரிடம் சொல்லிப் பயணத்தை வியாழக்கிழமைக்கு மாற்றினாள். பின்னேரம் சறோஜாவே கூப்பிட்டாள்.

"அக்கா, வியாழன் வெளிக்கிட்டா நீங்கள் புதன்கிழமை எல்லோ போய் இறங்குவீங்கள்?"

"நாலு மணித்தியாலப் பயணம் எண்டுதானே சொன்னீர்?"

"ஓம், நாலு மணித்தியாலம்தான். நடுக்கடலில தேதிக் கோடு வருது. அதுக்கங்கால எங்களுக்கு நேற்று."

"அப்ப தம்பி சொன்ன வெள்ளி எந்த வெள்ளி?"

"அங்கத்தை வெள்ளி. முதல் டிக்கெட்டோட போயிருந்தா அண்டிரவே அவரைக் கண்டிருப்பீங்கள்."

சனிக்கிழமை இடம் அதற்குள் போய்விட்டது. சறோஜா முன்கூட்டி இரண்டு இரவுக்கு அறை எடுத்துக் கொடுத்தாள். சோதிலிங்கத்துக்கு லீவில்லை. இதுவரை ஒரு இரவுகூடத் தனியே தங்கியிராத ரதிதேவி, விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வேறொரு நாள் வந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போக மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

புதன் முழுக்கப் பண்டகசாலையில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டியவள், வியாழன் விமானம் ஏறி மறுபடி அதே புதனில் இறங்கினாள். அங்கே பெட்டியும் இல்லை, மேற்பார்வையாளரும் இல்லை. மறுநாள் தீவைச் சுற்றும் பஸ்ஸில் ஏறி, இறங்க மனமில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

வெள்ளி விடிய, விமான நிலைய வாசலில் தலை முக்கால்வாசி வழுக்கையான ஒருவன் அவளைத் தாண்டிப் போனான். நடையை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டாள்.

"குணம்."

அவன் பையைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றான். பிறகுதான் கேட்டான்.

"அக்கா, நீ இரவுக்குத்தானே வாறதெண்டனி? எப்ப வந்தனி?"

"புதன்கிழமை."

"எப்ப வெளிக்கிட்டனி?"

"வியாழக்கிழமை."

குணரத்தினம் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவளையே பார்த்தான். "வா, பஸ் வரப்போகுது" என்று அவள் அவனுடைய பையைத் தூக்கினாள்.