பதினான்காவது குறை

1

இந்தக் கதை ஒரு பட்டியலில் இருந்து வந்தது. ஒரு மோட்டார் சைக்கிளின் குறைகள் என்று நான் எழுதிக் கொடுத்த பட்டியல். மொத்தம் பதினான்கு. அதில் பதிமூன்று உண்மை. மீதி ஒன்றுக்காகத்தான் இவ்வளவு காகிதம்.

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"வடக்கனந்தலில் கரும்பு வெட்டு தொடங்கியிருந்த மார்கழிக் காலை ஒன்றில், பனி இன்னும் —"

பனியை எழுதுகிறவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று அர்த்தம். விட்டேன்.

"தனசேகரனுக்கு ஒரு கனவு இருந்தது. அந்தக் கனவுக்கு இரண்டு சக்கரங்கள் —"

இதை எழுதிய கையை நானே அடித்துக்கொண்டேன்.

"நான் ஒரு பொய் சொன்னேன்."

இது சரியான தொடக்கம். ஆனால் முதல் வரியிலேயே இதைச் சொன்னால், யோக்கியன் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் தள்ளி வைத்திருக்கிறேன்.

2

தனசேகரனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. இயற்பியல் பட்டம். ஒன்பது வருஷமாகப் போட்டித் தேர்வு எழுதுகிறான். அரசியல் சட்டத்தின் பிரிவுகளை எண் சொன்னால் ஒப்பிப்பான். தென்னிந்திய நதிகளை வடக்கிலிருந்து தெற்காகவும் தெற்கிலிருந்து வடக்காகவும் சொல்வான். வேலை மட்டும் கிடைக்கவில்லை. ஒரு தரம் ஒன்றரை மார்க்கில் போயிற்று, ஒரு தரம் மூன்று மார்க்கில். அந்த ஒன்றரையை ஊரில் எல்லோரும் அவனுடைய இன்னொரு இனிஷியல் மாதிரி சொல்வார்கள்.

2020 முடிகிற சமயம். இடஒதுக்கீட்டுக்காக எங்கள் சாதி ஆட்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். தனி ஒதுக்கீடு வந்துவிட்டால் அந்த ஒன்றரை மார்க் தானாகக் கிடைத்துவிடும் என்று தனசேகரனின் அம்மா பச்சையம்மாள் உட்பட எல்லோரும் கணக்குப் போட்டிருந்தார்கள். "இன்னும் கொஞ்சம் பொறு" என்பதுதான் அந்த வருஷம் ஊரின் ஒரே அறிவுரை.

அந்த நேரத்தில் சேலத்திலிருந்து ஒரு வேலை வந்தது. நகரத்து ஆட்களை பைக்கில் ஏற்காடு, கொல்லிமலை, கல்வராயன் மலை என்று கூட்டிக்கொண்டு போகும் ஒரு சிறு கம்பெனி. முன்னால் போய் வழிகாட்டுகிற ஆள் வேண்டும். சொந்தமாக டூரிங் பைக், அதாவது தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய வண்டி, வைத்திருக்க வேண்டும். சேலத்திலேயே தங்க வேண்டும். தேர்வையும் ஊரையும் விட வேண்டும் என்பதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அதுதான் நிபந்தனை.

உள்ளூரில் அப்படி ஒரு வண்டி விற்பனைக்கு இருந்தது. கொளஞ்சியப்பன் சிங்கப்பூரில் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து வாங்கியது. காஷ்மீர் போகப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொன்னார். அந்த வண்டி போன பெரிய பயணம் கள்ளக்குறிச்சி நான்கு முனைச் சந்திப்பு வரைக்கும். அங்கே மறியல். வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்திக் கொடி கட்டினார்கள். இரண்டு பக்கமும் பெட்டி வைத்த வண்டி. ரோட்டை அடைக்க டிராக்டருக்கு அடுத்தபடி அதுதான் வசதி.*

(* இதை நானும் பார்த்தேன். கோஷம் போட்டவர்களில் நானும் ஒருவன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு மாதம் நைட் ஷிஃப்ட் பார்த்து, பாதியில் விட்டு வந்திருந்தேன். அதற்கு முன் கல்லூரியைப் பாதியில் விட்டேன். ஒதுக்கீடு வந்தாலும் எனக்கு உபயோகமில்லை. கூட்டம் இருந்தது, போனேன்.)

3

"மச்சான், நீ எதப் பாத்தாலும் நொட்ட சொல்லுவ. இதுக்கும் சொல்லு. எழுதிக் குடு" என்றான் தனசேகரன்.

"வாங்குன்னு எழுதணுமா, வாங்காதன்னு எழுதணுமா?"

"ரெண்டும் வாணாம். கொற மட்டும் எழுது. நான் மார்க் போட்டுக்கறேன்."

ஒரு நீள நோட்டு கொடுத்தான். வாழ்க்கையில் யாரும் என் திறமையைக் கண்டுபிடித்து வேலை கொடுத்தது அது ஒரு முறைதான்.

எல்லாவற்றையும் இங்கே எழுதினால் பைக் கம்பெனிக்காரன் வழக்குப் போடுவான். சில மட்டும்.

"1. எடை இருநூறு கிலோ. சாய்ந்தால் ஓட்டுகிறவனும் சாய வேண்டியதுதான்."

"3. சீட் உயரம். உன் அம்மா இதில் ஏற ஏணி வேண்டும். ஏறிய பிறகு இறங்கமாட்டார், பயத்தில்."

"4. மைலேஜ் கம்மி. உன் எக்ஸெல் மொபெட் குடிக்கிற பெட்ரோலில் இது பாதி தூரம்கூடப் போகாது."

"7. இஞ்சின் சூடு தொடைக்கு வரும். சித்திரையில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு சிக்னலில் நின்றால் தெரியும்."

"8. ஒரு பார்ட்ஸ் போனால் சேலத்திலிருந்து வர வேண்டும். நம் ஊர் மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்."

"11. இந்த வண்டியில் போகிறவனை எல்லோரும் நின்று பார்ப்பார்கள். நீ தோற்றால் அதையும் பார்ப்பார்கள்."

ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று சிவப்புப் பேனாவில் மார்க் போட்டான். பதினொன்றாவதுக்குப் பத்துக்கு ஒன்பது. மைலேஜுக்கு இரண்டு. அவனை அப்போதுதான் கொஞ்சம் மதிக்கத் தோன்றியது.

[இங்கே ஒரு சந்தேகம். தனசேகரனை நான் சரியாக எழுதவில்லை. ஒன்பது வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து படித்தவன் மந்தமாக இருப்பான் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அவன் அப்படி இல்லை. ஏற்ற இறக்கத்தில் எக்ஸெல்லை அவன் வளைத்து ஓட்டினால் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் டீ சிந்தாமல் குடிக்கலாம். இதை இரண்டாம் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மனசு வரவில்லை.]

4

வண்டியை மலை ஏற்றிப் பார்க்காமல் எங்கள் பக்கம் யாரும் வாங்குவதில்லை. கொளஞ்சியப்பன் சாவியைக் கொடுத்தார்.

"பாத்து ஓட்டு மாப்ள. கீழ போட்டா நீதான் வாங்கிக்கணும்."

"போடாட்டியும் நான்தான் வாங்குவேன் மாமா."

"ஏன்டா, நீயும் போறியா?" என்று என்னைப் பார்த்தார். "உனுக்கு சைக்கிளே ஓட்ட வராதே."

"கொற கண்டுபுடிக்கப் போறேன் மாமா."

"அது இன்னா, வண்டியிலயா, என்கிட்டயா?"

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி ஏறினோம். கரியாலூருக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவில் லாரிக்கு வழிவிட நின்றான். காலை ஊன்றிய இடத்தில் மண் சரிந்தது. வண்டி மெதுவாக, மிக மரியாதையாக, பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. நாங்கள் இருவரும் அதோடு படுத்தோம். அடி ஒன்றும் இல்லை. லாரிக்காரன் கையை ஆட்டிவிட்டுப் போனான்.

தூக்கினோம். அசையவில்லை. மறுபடி தூக்கினோம். பட்டியலின் முதல் எண்ணை நான் நினைவூட்டினேன். அவன் கெட்ட வார்த்தை சொன்னான்.

மேலேயிருந்து ஒரு மொபெட் வந்தது. மலைக்காரர் மாதனும் அவர் மனைவி ஆயம்மாளும். முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு மூட்டை மரவள்ளிக்கிழங்கு. நடுவில் எப்படியோ இரண்டு பேர்.

"இன்னா தம்பி, வண்டிக்கு மயக்கமா?" என்றார் ஆயம்மாள்.

மாதன் மொபெட்டை நிறுத்திவிட்டு வந்து பெட்டிக்கு அடியில் கை கொடுத்தார். ஆயம்மாளும் பிடித்தார். நாலு பேர் சேர்ந்ததும் வண்டி எழுந்தது.

ஆயம்மாள் வண்டியைச் சுற்றி வந்தார். "இதுல எத்தினி மூட்ட ஏத்துவீங்க?"

"மூட்டயெல்லாம் ஏத்தறது இல்லிங்க" என்றான் தனசேகரன்.

"அப்பறம் இன்னாத்துக்கு இம்மாம் பெருசு?"

"சும்மா சுத்தறதுக்குங்க."

ஆயம்மாள் கணவனைப் பார்த்தார். "கேட்டியா? சும்மா சுத்தறதுக்காம். நீயும்தான் சும்மா சுத்திக்கினு கீற, இதுமாரி வண்டி கேட்டியா?"

மாதன் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "குடுத்தா வாணாம்னா சொல்லப் போறேன்?"

தனசேகரன் சிரித்தான். நின்றபடி சிரித்தவன் முடியாமல் ரோட்டோரம் உட்கார்ந்து சிரித்தான். சட்டையெல்லாம் செம்மண். ஒவ்வொரு முறையும் ரிசல்ட் அன்று அவனோடு இருந்தவன் நான். இந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் போய்விடுவான்.

5

இறங்கும்போது அணை பக்கத்து டீக்கடையில் நிறுத்தினான். நோட்டை எடுத்தான்.

"பதிமூணுக்கும் மார்க் போட்டுட்டேன். தாங்கும்டா. நாளைக்கி கொளஞ்சி மாமாகிட்ட சொல்லிடறேன்."

"இன்னும் ஒண்ணு இருக்குது" என்றேன்.

"இன்னாது?"

"மறியல்ல குறுக்க நின்னது இந்த வண்டிதான். போலீஸ்காரன் வீடியோ எடுத்தான் இல்ல? நம்பர் ஃபைல்ல ஏறியிருக்கும்."

"ஏறட்டும். அன்னிக்கி ஓட்டுனது மாமா."

"ஆர்சி உன் பேருக்கு மாறிடுச்சுன்னா? அந்த நம்பரத் தட்டுனா யாரு பேரு வரும்?"

டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"சேலம் ஒத்து வரல, திரும்பி வந்து பரீட்ச எழுதற, பாஸாவுற. போலீஸ் வெரிஃபிகேஷன் வருது. அப்ப இன்னா சொல்லுவ? வண்டி வாங்குனேன், மறியல வாங்கலன்னா?"

"நெஜமாவாடா?"

"ஒரகடத்துல ஒருத்தனுக்கு இப்படி ஆச்சு."

ஒரகடத்தில் யாருக்கும் அப்படி ஆகவில்லை. வாயில் வந்தது, சொன்னேன். எங்கள் ஊரில் அரசு வேலைக்குக் காத்திருக்கிறவனிடம் வெரிஃபிகேஷன் என்ற வார்த்தையைச் சொன்னால் போதும். பேய்க்குக்கூட அவ்வளவு பயப்பட மாட்டான்.

"எழுது" என்று நோட்டை நீட்டினான். பதினான்கு என்று போட்டு எழுதினேன். சிவப்புப் பேனாவை எடுத்து மார்க் போடப் போனவன், போடாமல் மூடிவிட்டான்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். ஊரில் தோற்றவர்கள் இருவர். ஒருவன் போனால் மீதி ஒருவன். அவ்வளவுதான். இதற்கு என் இளமைக்காலத்திலிருந்து காரணம் தேட வேண்டாம்.

6

பொய்க்கு நான் எதிர்பார்த்ததைவிட நல்ல மைலேஜ்.

பொங்கலுக்குள் அது ஊரைச் சுற்றி என்னிடமே வந்தது, கூடுதல் விவரங்களோடு. மறியலுக்கு வண்டி கொண்டுபோன இரண்டு பேர் நம்பர் பிளேட்டைக் கழற்றி வைத்தார்கள். ஒருவன் வண்டிக்கு வேறு பெயிண்ட் அடித்தான். போராட்டத்துக்கு உயிரையும் தருவோம் என்று கத்தியவர்கள் ஆர்சி புத்தகத்தைத் தரத் தயாராக இல்லை.

கொளஞ்சியப்பன் என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, என் வண்டி நம்பரு ஸ்டேஷன்ல கீதாமே. பையன் போலீஸ் வேலைக்கி எழுதிக்கினு கீறான். அவனுக்கு எதனா ஆவுமா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. நான் சொன்னேன்: "கொஞ்ச நாளு வெளிய எடுக்காதீங்க மாமா."

வண்டியைக் காய்ந்த கரும்புச் சோகைக் குவியலுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடினார். யாரும் விலைகூடக் கேட்கவில்லை.

பிப்ரவரியில் பத்தரை சதவீதத் தனி ஒதுக்கீடு சட்டமாக வந்தது. பட்டாசு வெடித்தது. தனசேகரன் என் தோளைத் தட்டினான். "நல்ல வேள மச்சான், வண்டி வாங்கல. நீதான் காப்பாத்துன." பிறகு ஊரடங்கில் சேலம் கம்பெனி மூடிக் கிடந்தது. தேர்வும் வரவில்லை. நவம்பரில் அந்தச் சட்டம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அன்று தனசேகரன் வீட்டுக்குப் போனேன். பச்சையம்மாள், "மேல்முறையீடு பண்ணுவாங்களாம், இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்" என்றார். தனசேகரன் நதிகளைப் படித்துக்கொண்டிருந்தான். தெற்கிலிருந்து வடக்காக.

போன வாரம் சேலத்திலிருந்து மறுபடி அழைத்திருக்கிறார்கள். டிசம்பர் முடிவதற்குள் வண்டியோடு வர வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள்.

நேற்று என்னிடம் கேட்டான். "அந்தப் பதினாலாவது இப்பவும் இருக்குதாடா?"

"பாத்து சொல்றேன்" என்றேன். நோட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். இந்தக் கதையை அந்த நோட்டின் மீதிப் பக்கங்களில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

7

முடிவுகள் மூன்று இருக்கின்றன.

அ) உண்மையைச் சொல்கிறேன். அவன் அழுகிறான், அணைத்துக்கொள்கிறான், வண்டியில் ஏறி மலைப்பாதையில் மறை —

இல்லை. உண்மையைச் சொன்னால் முதலில் அறைவான். ஒரு வருஷத்தின் அறை. அதைச் சரியாக எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆ) சொல்லவில்லை. அவன் வயது வரம்பு முடியும்வரை எழுதுகிறான். நாங்கள் இருவரும் சாயங்காலம் பாலத்தில் உட்கார்ந்து, போகிற வண்டிகளின் குறைகளைச் சொல்கிறோம். இது எழுதச் சுலபம். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

இ) அவனுக்கு முதல் நாளே தெரியும்.

இதுதான் என்னைத் தூங்கவிடாதது. அரசியல் சட்டத்தை மனப்பாடம் செய்தவனுக்கு, வாங்கிய வண்டியின் பழைய மறியல் வாங்கியவன் தலையில் ஏறாது என்று தெரியாதா? அவன் அதற்கு மார்க் போடவில்லை. மற்றதற்கெல்லாம் போட்டவன். ஒருவேளை அவனுக்கும் ஒரு குறை தேவைப்பட்டிருக்கலாம். நான் எடுத்துக் கொடுத்தேன். அப்படியானால் பழியில் பாதி அவனுக்கு.

பாருங்கள், பழியைப் பங்கு போடுகிறேன். இந்த முடிவை நான் நம்பக் கூடாது. என் வசதிக்காக வந்த முடிவு.

8

எழுதி முடிந்தது. சரி பார்த்த பதில் இதுதான், தனசேகரா:

"14. இந்தக் குறை வண்டியில் இல்லை. நான் இட்டுக்கட்டிச் சொன்னது. கொளஞ்சி மாமாவிடமும் இன்றைக்குச் சொல்லிவிட்டேன். அவர் தார்ப்பாயை எடுத்தார். டயரில் காற்று இல்லை. பேட்டரி செத்திருக்கிறது. இவை இரண்டையும் 15, 16 என்று சேர்த்துக்கொள். இவை உண்மை."

மார்க் போடுகிற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

நோட்டை அவன் வீட்டு முன்னால் நிற்கும் எக்ஸெல்லின் பெட்டியில் வைத்துவிட்டு வரப் போகிறேன். கதவைத் தட்டமாட்டேன். அந்தத் தைரியம் இருந்திருந்தால் இது கதையாகியிருக்காது, இரண்டு வாக்கியத்தில் முடிந்திருக்கும்.

மற்றவர்களுக்கு: வண்டி எடுத்தானா, போனானா, அறைந்தானா என்று என்னைக் கேட்காதீர்கள். ஒன்றரை மார்க்குக்காக ஒருவன் பத்து வருஷம் காத்திருக்கிறான். உங்களுக்கு ஒரு பக்கத்தில் முடிவு வேண்டுமா? சிவப்புப் பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்காவதுக்குப் பத்துக்கு எத்தனை என்று நீங்களும் போடலாம். வண்டிக்கா, எனக்கா, அவனுக்கா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

14. ____ / 10